சாவி யாரிடம்

மூன்றாவது வியாழனில்தான் கதவு வரைக்கும் போனேன்.

முதல் வியாழன், தவறான கட்டடம்.
சேர்ந்திசைக் குழுவின் ஒத்திகை.
தாமதமாக வந்த பாடகி என்று நினைத்து
தாளொன்றைக் கையில் திணித்தார்கள்.
ஒரு மணி நேரம் வாயசைத்துவிட்டு
வீட்டுக்கு வந்து குடித்தேன்.

இரண்டாவது வியாழன், சரியான கட்டடம்.
நிலவறை ஜன்னலில் வெளிச்சம்,
உள்ளே சிரிப்பு.
சிரிக்கிறவர்களிடம் எனக்கு என்ன வேலை என்று
வந்த பேருந்திலேயே திரும்பினேன்.

கிளைப்பெடா துறைமுகத்தில்
கிரேன் ஓட்டுகிறேன், பதினாறு வருடமாக.
கண்ணாடிக் கூண்டில் இருந்தால்
கப்பல்கள் செருப்புகள் மாதிரி தெரியும்.
ஏணி ஏறும் நாளில் குடித்ததில்லை,
அது ஒன்றுதான் என் பெருமை.
மார்ச் மாதம் அதுவும் போயிற்று.
யாருக்கும் அடிபடவில்லை.
ஒரு பெட்டி கப்பல் விளிம்பில் உரசியது,
அவ்வளவுதான்.
அந்த அவ்வளவுதான்
இரவெல்லாம் என் தலைக்கு மேல் தொங்கியது.

வீட்டைப் பற்றிக் கேட்காதீர்கள்.
அங்கே நான் குடியிருந்தேன் என்பதைவிட
குடி இருந்தது,
வாடகை நான் கட்டினேன்.

மூன்றாவது வியாழன்
கடலிலிருந்து மழை படுக்கைவாட்டில் அடித்தது.
நூலகத்தின் பின்பக்கம், ஏழு படி கீழே, கதவு.
கதவில் பூட்டு.
பூட்டுக்கு முன்னால் மூன்று பேர் நனைந்துகொண்டிருந்தார்கள்.

"புதுசா?" என்றாள்
கையில் கேக் வைத்திருந்த ஜெனோவைத்தே.
"பூட்டியிருக்கிறதே" என்றேன்
தப்பிக்க வழி கிடைத்த சந்தோஷத்தில்.

சாவி ரிம்காவுடாஸிடம்.
அவருக்கு அன்றைக்குப் பதினோரு வருடம்,
கேக் அதற்குத்தான்.
போன் அடித்தது. மறுபடி அடித்தது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
சொல்லாததை நானும் அறிவேன்:
சமையலறைத் தரையில் கிடந்தபடி
ஒளிரும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது.

"நிழற்குடைக்குப் போவோம்" என்றார் வீத்தேனிஸ்,
ஏதோ அறை எண் சொல்வதுபோல.
உணவு கொண்டுபோகும் தன் சதுரப் பையில்
கேக்கைப் பத்திரப்படுத்தினான் நோயுஸ்.
பேருந்து நிறுத்தத்தில்
தோளோடு தோள் இடித்துக்கொண்டு
கூட்டம் நடந்தது.

என் முறை வந்தபோது
ஷிவிலே, என்றேன்.
அதற்கு மேல் நா எழவில்லை.
யாரும் பிடித்து இழுக்கவில்லை.
பேருந்து வந்து நின்றது, கதவு திறந்தது.
"ஏறுகிறீர்களா?" என்றார் ஓட்டுநர்.
எல்லாரும் வேறெங்கோ பார்த்தார்கள்,
என் காலைப் பார்க்காமல்.
கதவு மூடிக்கொண்டது.

இரண்டு வாரம் கழித்து
சவரம் செய்யாத முகத்தோடு
கடைசி நாற்காலியில் வந்து உட்கார்ந்தார் ரிம்காவுடாஸ்.
"மூன்று நாள்" என்றார், மேசையிடம்.
ஜெனோவைத்தே கேக்கை எடுத்து வைத்தாள்,
உறைபெட்டியின் வெள்ளை இன்னும் அதன்மேல்.
"எத்தனை மெழுகுவர்த்தி?" என்றான் நோயுஸ்.
"இருக்கிறதை ஏற்று."
கத்தி இறங்கவில்லை. சிரித்தோம்.
ஜன்னலுக்கு வெளியே அது எப்படிக் கேட்டிருக்கும் என்று
எனக்குத் தெரியும்.

சாவி இப்போது என்னிடம்.
நம்பிக்கை, தகுதி, அதெல்லாம் இல்லை.
என் வேலை நான்கு மணிக்கு முடிகிறது,
மற்றவர்களுக்கு ஆறு.

இன்று சீக்கிரம் வந்து
வெந்நீர் வைத்தேன்.
படியில் காலடி. ஐந்து, ஆறு,
ஏழாவது வரவில்லை.
கதவுக்கு அந்தப் பக்கம்
யாரோ மூச்சு விடுகிறார்கள்.

எழுந்து போய்த் திறக்கலாம்.
திறந்தால் ஓடுவார்கள், நான் ஓடியிருப்பேன்.

காலிக் கோப்பையில் கரண்டியை விட்டுக்
கொஞ்சம் சத்தமாகவே
கலக்கிக்கொண்டிருக்கிறேன்.